மூன்றாம் ஆட்டத்தில் ஐந்தாவது ஆள்

என்னைக் கேட்டால், இறுதிப்போட்டியை மூன்று ஆட்டமாக வைக்க வேண்டும் என்று முதலில் சொன்ன மனுசனைப் பிடித்து வெயிலில் நிறுத்த வேண்டும். ஒரே ஆட்டம் என்றால் தோற்றவன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். அடுத்த நாள் வேறு வேலை வந்துவிடும். மூன்று ஆட்டம் என்றால் நடுவில் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், கிடக்கிறது. அந்த ஒரு கிழமையும் ஊர் சும்மா இருக்குமா? யார் பந்தை விட்டான், யார் பிழைவிட்டான் என்று சந்தையிலும் கோயில் வாசலிலும் மென்றுகொண்டே இருக்கும். தோல்வி ஒருவரையும் கொல்வதில்லை. அந்த இடைக் கிழமைதான் ஆளை முடிக்கிறது.

பொம்பிளைக்கு என்ன கூடைப்பந்து தெரியும் என்று கேட்க வேண்டாம். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் நெற்போல் என்கிற வலைப்பந்து விளையாடியவள் நான். வளையத்துக்கு எறிகிற ஆள் நான்தான். குருநகரில் எங்கள் கோயில் வளவில் சீமெந்துத் தரை போட்டு இரண்டு வளையம் நட்ட நாளிலிருந்து, எங்கள் ‘கடல் விண்மீன்’ கழகம் அங்கே ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. வயிற்றில் பிள்ளையோடும் போய் இருந்து கத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைதான் பிறகு அதே தரையில் விளையாடினான். பெயர் கனிசியஸ். எங்களுக்குக் கனி. எனக்கு அவன் ஒருவன்தான்.

கழகத்தின் பயிற்சியாளர் என்னுடைய மனுசன் சிமியோன். விடிய வள்ளம் ஓட்டுவார், பின்னேரம் பொடியளை ஓட்டுவார். அவருடைய பயிற்சி முறையைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். பிழைவிட்டவனை ஊருக்கே கேட்க ஏசு. சரியாகச் செய்தவனுக்கு ஒன்றும் சொல்லாதே. அவ்வளவுதான். பத்துப் பேரைப் பழக்குவார், ஆறு பேரைத்தான் இறக்குவார். மற்றவர்கள் கோட்டோர வாங்குப் பலகையில் இருந்தே கிழவராகிவிடுவார்கள்.

மானிப்பாய் அணியைப் பழக்கிய சீவரத்தினம் மாஸ்டர் இதற்கு நேர்மாறு. அவருடைய குரலை நான் கேட்டதே இல்லை. ஒரு பொடியன் பிழைவிட்டால் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துவார், காதுக்குள் என்னவோ சொல்வார், கொஞ்ச நேரத்தில் திரும்ப அனுப்புவார். அவன் புது ஆளாகப் போவான். பத்துப் பேரும் விளையாடுவார்கள், கடைசி நிமிடத்திலும் ஒருவனுக்கும் மூச்சு வாங்காது. எதிரணிக்காரர் என்று பாராமல் சொல்கிறேன், பயிற்சி என்றால் அதுதான்.

இதை நான் வீட்டிலும் ஒளித்துப் பேசவில்லை. சோறு போடும்போதே தொடங்குவேன்.

“உங்களுக்கு வாய் திறந்தால் ஏச்சுத்தான். மானிப்பாய் மாஸ்டரைப் பாருங்கோ, களைச்ச பொடியனை எப்பிடி இருத்தி எடுக்கிறார்.”

“அவர் பள்ளிக்கூடத்து மாஸ்டர். பிழையெண்டால் அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதுவார். வள்ளத்திலை ஒருத்தன் பிழைவிட்டால் நாலு பேரும் தாழவேணும். ஏசித்தான் பழக்கவேணும்.”

“இது சீமெந்துத் தரையப்பா. இஞ்சை ஆர் தாழுறது?”

அதற்கு அவர் இன்னொரு துண்டு மீன் போடச் சொல்லுவார்.

எண்பத்துநாலாம் ஆண்டு குடாநாட்டுக் கழகங்களின் கிண்ணத்துக்கு நாங்களும் மானிப்பாயும் இறுதிக்கு வந்தோம். முதல் ஆட்டம் எங்கள் தரையில். வென்றோம். முதல் ஆட்டத்தை வெல்கிறவனுக்கு இரண்டாவதில் கவனம் வேண்டும் என்று நான் சொன்னேன். வெற்றி தலைக்கு ஏறும், காலுக்கு இறங்காது. யார் கேட்டது?

இரண்டாம் ஆட்டம் மானிப்பாயில். வான் ஒன்று பிடித்துப் போனோம். பத்தொன்பது வயதுக் கனியை நாற்பது நிமிடமும் ஒரு நிமிடம்கூட இருத்தாமல் ஓடவிட்டார் இந்த மனுசன். இரண்டாம் பாதியில் பிள்ளை முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, “அவனை ஒருக்கா இருத்துங்கோ!” என்று கத்தினேன். சனம் சிரித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவதற்குச் சில செக்கன்கள் இருக்க நாங்கள் ஒரு புள்ளி பின்னுக்கு. கனியை ஒருவன் தள்ளி விழுத்தினான். மத்தியஸ்தர் ஊதி, இரண்டு ஃப்றீ துறோ கொடுத்தார். மறிக்க ஆளில்லாமல், கோட்டில் நின்று ஆறுதலாக எறிகிற பந்து. அதை அவன் நித்திரையிலும் போடுவான். அன்றைக்கு முதலாவது வளையத்துக்கு இந்தப் பக்கமே விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். தோற்றுப்போனோம்.

சிமியோன் தரைக்குள் இறங்கி நடந்து போனார். மானிப்பாய்ச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஜேர்சியைக் கழட்டு. மூண்டாம் ஆட்டத்துக்கு நீ இல்லை.”

பிள்ளை கழற்றினான். எறியவில்லை, வாய் காட்டவில்லை. அந்த வேர்வைச் சட்டையை நாலாக மடித்துத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு, வெறும் மேலோடு எங்கள் வான் நின்ற இடத்துக்கு நடந்தான். அந்த மனுசனை அடித்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்தபடி இருந்தவன், என்னிடம் மெல்லச் சொன்னான்.

“அம்மா, கால் விட்டிட்டுது.”

“தெரியும் ராசா. நெஞ்சு பயந்தால் பந்து அங்காலை போகும். கால் களைச்சால்தான் இஞ்சாலை விழும். நான் எறிஞ்சவள், எனக்குத் தெரியாதே?”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“ஓம், தெரியும்.”

விறாந்தையில் இருந்த மனுசனுக்கு இது எல்லாம் கேட்டது. எழும்பி வந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் பீடியைப் பற்றவைத்தார்.

பிறகு நான் சொன்ன அந்த இடைக் கிழமை வந்தது. கனி எங்கள் ஒழுங்கைச் சந்தால் நடந்து போனால், மதிலில் இருந்த பொடியள் வெறுங்கையால் பந்து எறிகிற மாதிரிக் காட்டி, பிறகு கையைத் தொப்பென்று கீழே போட்டார்கள். இரண்டு தரம் போடுவார்கள், கணக்காக இரண்டு தரம். பெரிய ஆட்களும் பார்த்துச் சிரித்தார்கள். நான் தும்புத்தடியோடு வெளியே வந்து ஏசிக் கலைத்தேன். அதனால் இன்னும் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

புதன்கிழமை பின்னேரம் நான் சந்தையில் நின்ற நேரம் பார்த்து, வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கனி கடற்கரைக்கு இறங்கினான். கரையோரம் இருக்கிற என் மச்சாள், சிமியோனின் தமக்கை அருமைநாயகி, அவன் எதிரே வந்ததைக் கண்டாள். கண்டவள் ஒரு பக்கமாக விலகி நின்று வழிவிட்டாள். எங்கள் ஆட்களில், கரைக்கு இறங்குகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டோம். பின்னாலிருந்து கூப்பிடவும் மாட்டோம். கேட்டால் வலை வெறுமையாக வரும். சில வேளை ஆளே வராது என்று தாய் வயிற்றிலிருந்தே பயந்து பழகியவர்கள் நாங்கள்.

மச்சாள் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோசமாகவே இருந்தது. தீவுப்பக்கத்தில் என் தம்பி நீக்கிலாப்பிள்ளை வாடிக் கொட்டில் போட்டு, ஆட்களோடு தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தான். மாமனோடு நாலு நாள் கடலுக்குப் போய்வந்தால் பிள்ளைக்கு மனம் ஆறும் என்று நினைத்தேன். சிமியோனும், “போகட்டும். ஆட்டத்துக்கு வந்திடுவான். அவன் ஆட்டத்தை விடான்” என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் கனியின் ஏழாம் இலக்க ஜேர்சியைத் தோய்த்து, காயப்போட்டு, கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தானே தோய்த்திருக்கிறார், சவர்க்காரம்கூடச் சரியாகப் போகவில்லை.

“இதை ஒருக்கா அழுத்தி வை.”

“ஆருக்கு?”

“அழுத்தி வையன்.”

அந்த மனுசனிடமிருந்து அதைவிடப் பெரிய மன்னிப்பு வராது. எனக்கு விளங்கியது. கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, ஒரு மடிப்பு விழாமல் அழுத்தினேன். தகப்பன் கையால் அதை வாங்கும்போது பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அழுத்தினேன். கிண்ணம் எங்கேயும் போகட்டும், எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததிலிருந்து கோயில் வளவு நிறையத் தொடங்கிவிட்டது. பின்னேரம் ஆட்டம் தொடங்குகிற நேரம் நீக்கிலாப்பிள்ளை வாடி ஆட்களோடு வந்தான். நான் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

“கனி எங்கை?”

“அதை நானெல்லோ உங்களிட்டைக் கேக்கவேணும், அக்கா. ஆட்டத்தாலை நிப்பாட்டினது எண்டு கேள்விப்பட்டு, அவனைப் பாக்கத்தான் வந்தனான்.”

“வாடிக்கு வரேல்லையோ?”

“இல்லையே.”

பக்கத்தில் இருந்த அருமைநாயகியின் முகம் வெளுத்துவிட்டது. “வலைப்பையோடை கரைக்கு இறங்கினவனை நான் எப்பிடி மச்சாள் கேக்கிறது? எப்பிடிக் கேக்கிறது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளில் பிழை இல்லை. நான் கண்டிருந்தாலும் விலகித்தான் நின்றிருப்பேன். ஒழுங்கை முழுக்க வீடு. எந்தப் பக்கத்தால் போனாலும் ஒருவர் மறித்து எங்கே என்று கேட்டிருப்பார்கள். கரைப் பக்கத்தால் போனால் கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் பயத்தையே எங்களுக்கு மறைப்பாகப் பிடித்துவிட்டு என் பிள்ளை போயிருக்கிறான்.

மத்தியஸ்தர் ஊதிவிட்டார். ஐந்து பேர் தரையில் நிற்காமல் ஆட்டம் தொடங்க முடியாது. ஐந்தாவது இடத்தைக் கனிக்கென்று விட்டு, எங்கள் பக்கம் நாலு பேர் நின்றார்கள். சிமியோன் அழுத்திய ஜேர்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். மத்தியஸ்தர் மறுபடியும் ஊதினார். வாங்கில் இருந்தவர்களில் பிலிப்பு என்ற பொடியன் கனியின் உயரம், ஒன்றாகப் படித்தவன். சிமியோன் ஜேர்சியை அவனிடம் நீட்டினார். அவன் அதைப் போட்டுக்கொண்டு தரைக்கு இறங்கினான்.

முதற்பாதி எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் சீவரத்தினம் மாஸ்டர் தன் அணியை விட்டுவிட்டு, தரையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார். நானும் எழும்பிப் போய் மனுசனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“சிமியோன் அண்ணை, உங்கடை மகன் இஞ்சை இல்லையே?”

“இல்லை.”

“புதன்கிழமை மைம்மல் நேரம் நான் அவரை மானிப்பாய்ச் சந்தியிலை கண்டனான். நாலைஞ்சு சைக்கிள் ஒண்டாப் போச்சுது. அவர் ஒண்டிலை பின்னாலை இருந்தவர். நான் கை காட்ட, முகத்தைத் திருப்பிப்போட்டார். தோத்த கோவமாக்கும் எண்டு நினைச்சன். இண்டைக்கு ஆளைக் காணேல்லை எண்டவுடனைதான்...” அவர் நிறுத்தினார். “மாதகல் றோட்டாலை போனவையள், அண்ணை.”

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருடத்தில், பொழுதுபடுகிற நேரம் மாதகல் கரைக்குச் சேர்ந்து போகிற பொடியள் மீன் பிடிக்கப் போவதில்லை. அங்கிருந்து படகேறி இந்தியாவுக்குப் போவார்கள், இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுக்க. போனவர்களின் தாய்மார் எங்கள் கோயிலிலேயே மூன்று பேர் இருந்தார்கள். நான் நாலாவது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாழ்நாள் முழுக்க ஆட்டத்துக்குக் கத்திய தொண்டை, பிள்ளைக்கு ஒரு சத்தம் தரவில்லை.

“ஆட்டத்தை விடுவம், அண்ணை. கிண்ணம் உங்கடை கோயிலிலையே இருக்கட்டும்” என்றார் மாஸ்டர். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“இல்லை, மாஸ்டர். ஊதச் சொல்லுங்கோ.”

இந்த மனுசனுக்கு நெஞ்சு என்று ஒன்று இல்லை என்று நான் அந்த நிமிடம் முடிவுகட்டிவிட்டேன். பிள்ளை கடலுக்கு அங்காலே போய்விட்டான், இவர் ஆட்டம் நடத்துகிறார்! வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினேன். ஆனால் வாங்கின் நுனியிலேயே இருந்துவிட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. சிமியோன் கோட்டோரமாக நின்று வழக்கம்போலக் கத்தினார். “கனி, ஓடு! கனி, வலப்பக்கம் பார்!”

நாலு பொடியளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிலிப்பு ஒரு கணம் நின்றான். பிறகு, “ஓமண்ணை” என்று வலப்பக்கம் ஓடினான்.

நாக்கு ஒரு தரம் தவறிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பந்து வருகிற ஒவ்வொரு தரமும் கனிதான். கனி, குனி. கனி, விடாதை. கனி, கெட்டிக்காரன். இந்தக் கடைசிச் சொல்லை அந்த மனுசனின் வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வளவில் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. செய்தி ஆளிலிருந்து ஆளுக்குப் போயிருக்க வேண்டும். மதிலில் இருந்த பொடியளும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அது பிலிப்பு, கனி இல்லை என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நீக்கிலாப்பிள்ளை ஒரு அடி வைத்தான். நான் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

நாங்கள் வெல்கிறோமா தோற்கிறோமா என்று புள்ளிப் பலகையை நான் பார்க்கவில்லை. பிலிப்பு ஓய்வில்லாமல் ஓடினான். இரண்டு பேரின் ஓட்டத்தையும் சேர்த்து ஓடினான் பாவி. கடைசியில் அவனும் முழங்காலில் கையை ஊன்றினான்.

சிமியோன் மத்தியஸ்தரிடம் கை காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். இன்னொருவனை உள்ளே போகச் சொன்னார். பிறகு, வீட்டுக்குள் பேசுகிற குரலில் கூப்பிட்டார்.

“கனி, ஓடினது காணும் ராசா. களைச்சுப் போனாய். வந்து இரு.”

பிலிப்பு அசையாமல் நின்று என்னைப் பார்த்தான். அந்தப் பெயருக்கு வரலாமா என்று கேட்கிற பார்வை அது. நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவன் வந்து என் மனுசனுக்குப் பக்கத்தில் இருந்தான்.