துணை என்ற இடத்தில் ஒரு பெயர்

மஞ்சள் பட்டையை என் தோளில் மாட்டி, ஊக்கைக் குத்திவிட்டு, "சூப்பரா இருக்கு" என்றாள் கேப்டன். வரவேற்புக் குழுவுக்குத் தலைவி என்பதால் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எப்போது பார்த்தாலும் வாயெல்லாம் பல். பட்டையில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று வருஷமாக நான் யாரை நினைத்து நினைத்துப் புழுங்கினேனோ அவளுக்கு என் பெயர்கூட ஞாபகம் இல்லை. அந்தப் பட்டையாலேயே அவள் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றலாமா என்றிருந்தது. நானும் ஈயென்று இளித்து வைத்தேன்.

இந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டாம் வருஷத்து மாணவி ஒருத்தியைத் துணையாகப் போடுவார்கள். வாசலிலிருந்து கூட்டிப்போவது, அலுவலகத்தில் சான்றிதழ்களைக் கொடுக்க வைப்பது, விடுதிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அந்தத் துணையின் பொறுப்பு. அவள் கையெழுத்து இல்லாமல் வார்டன் அறைச் சாவியைக் கொடுக்க மாட்டார். முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் சாவி வாங்காவிட்டால் அந்த இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவளுக்குப் போய்விடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அன்பான ஏற்பாடு என்று கல்லூரி மலரில் வருஷா வருஷம் எழுதிக்கொள்கிறார்கள்.

நான் சேர்ந்த அன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டோம். அப்பாவுக்கு அன்று பத்து மணிக்கு ஷிஃப்ட். என்னையும் தகரப்பெட்டியையும் வாசலில் இறக்கிவிட்டு, துணைக்குத்தான் ஆள் வருகிறதே என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார். ஏழு மணியிலிருந்து அறிவிப்புப் பலகைக்கு எதிர்ப்புறம், ஒரு மரத்தடியில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் பட்டை போட்ட யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். உன் துணை வருவாங்க, இங்கேயே இரு. தப்பித் தவறிகூட ஒருத்தி என் படிவத்தை வாங்கிப் பார்க்கவில்லை. பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் செல்போன் எண்களும் கிடையாது. பெண்பிள்ளைகளின் எண்ணை வெளியே கொடுக்கக் கூடாதாம், எவ்வளவு அக்கறை. பசி எடுத்தது, நகர்ந்தால் துணை வந்து தேடுவாளோ என்று நகரவில்லை. படிவத்தில் துணை என்ற இடத்தில் இருந்த பெயரை மட்டும் படித்துக்கொண்டே இருந்தேன். ஐந்தேகால் மணிக்கு வார்டன் என்னைப் பார்த்து, "இவ்வளவு நேரம் எங்கம்மா தூங்கிட்டிருந்த?" என்று கேட்டார்.

அப்புறம் சித்தி வீடு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சித்தி நல்லவள்தான். ஆனால் ஒண்டியிருப்பவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, சித்தப்பா செருப்பைக் கழற்றும்போது விடும் பெருமூச்சைக் காதில் வாங்காமல் இருக்கவும் முடியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன், வகுப்பில் உட்கார்ந்துகொண்டு தூங்கினேன். எப்படியோ தட்டுத் தடுமாறி ஒரு வருஷத்தை முடித்துவிட்டு, போதும் என்று படிப்பைத் தலைமுழுகினேன். இரண்டு வருஷம் ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களின் பாடக்குறிப்புகளை நகலெடுத்தேன். இந்த வருஷம் அம்மாதான் சாப்பிடாமல் கிடந்து என்னை இரண்டாம் வருஷத்தில் திரும்பச் சேர்த்தாள். என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். கேப்டன் மட்டும் மேல்படிப்புக்காக இங்கேயே இருந்தாள். படிப்பு ஏறுகிறதோ இல்லையோ, அவளிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காகவாவது வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

எனக்கும் ஒரு பெண்ணை ஒதுக்கியிருந்தார்கள். சீட்டில் அவள் பெயரும் பிரிவும் இருந்தன. ஒன்பது மணிக்கு வாசல் பலகையில் போய்ப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே டிக் போட்டிருந்தது. ஆர்வக்கோளாறு பிடித்த எவளோ என் பெண்ணையும் சேர்த்துக் கூட்டிப் போய்விட்டாள் போலிருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. இன்றைய நாளை நான் வேறொரு வேலைக்காக வைத்திருந்தேன்.

ஆனால் கேப்டன் தனியாகச் சிக்கினால்தானே. அவளைச் சுற்றி ஒரு கூட்டம் ஈயாக மொய்த்தது. பெற்றோர்களைக் கும்பிட்டாள், பேராசிரியைகளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள், அழுத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் அழுதவளைவிட இவள் முகம்தான் நன்றாக விழுந்திருக்கும். நான் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை வாசலுக்கும் அரங்கத்துக்கும் சுமந்துகொண்டே அவளைக் கண்காணித்தேன். மனதுக்குள் வசனத்தைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முறை, பட்டை மறையும்படி ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டைக் கடக்கும்போது சாம்பல் நிறப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து எழப் பார்த்தாள். யாருடைய ஆளோ. "உன் துணை வருவாங்க, இரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் கண் முழுக்கக் கேப்டன் மேல் இருந்தது.

நாலரை மணிக்குத்தான் அவள் தனியாகக் கிடைத்தாள். அரங்கத்தின் மேடைக்குப் பின்னால், திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்க ஆள் இல்லாததால் முகம் வாடித் தொங்கியது. நான் அவள் எதிரில் போய் நின்றேன். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்த வாசகம் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எனக்குத் துணையா இருந்தீங்க. நீங்க வரவே இல்லை."

அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பட்டையில் இருந்த பெயரை இப்போதுதான் சரியாகப் படித்தாள். அறை போனது, சித்தி வீடு, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குரல் உயர்ந்துகொண்டே போனதையும் தடுக்கவில்லை.

"நான் வந்தேன்" என்றாள். "ஒம்பது மணிக்கு வந்து பலகையைப் பாத்தேன். உன் பேருக்கு நேரா டிக் இருந்துச்சு. யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அது வாட்ச்மேன் போட்ட டிக். நான் உள்ள வந்ததுக்கு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ள வந்தா அவர் போடுவார். கூட்டிட்டுப் போனா நாம போடுவோம். எல்லாம் ஒரே கட்டந்தானே."

மூன்று வருஷமாகவா அதே ஒற்றைக் கட்டம் என்று கேட்டேன். இதுவரை யாரும் புகார் சொல்லவில்லையே என்றாள், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. புகார் சொல்ல வேண்டியவள் எப்படி இங்கே இருப்பாள்? அவள்தான் முதல் நாளே வெளியே போய்விடுகிறாளே. எவளாவது ஒருத்தி பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்திருந்தால் போதும். அரங்கம் முழுக்கக் காகிதப் பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு கோடு கிழிக்கத் தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, டிக் இருந்தால் என்ன, ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் பெட்டியும் கையுமாக நான் கண்ணில் பட்டிருப்பேனே என்றும் கேட்டேன்.

அவள் தலை குனிந்தாள். பிறகு, எரிச்சலோ வெட்கமோ தெரியவில்லை, மெதுவாகக் கேட்டாள்.

"உன் பொண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுட்டியா?"

அன்று என் கண்ணெதிரே வாட்ச்மேன் போட்ட அதே டிக்கைத்தான் இன்று காலையில் நானும் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ஓடினேன். வாசலில் வாட்ச்மேன் பேனாவைக் காதில் செருகியபடி தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். சீட்டைக் காட்டினேன். "அந்தப் பாப்பாவா? ஆறரைக்கே வந்துச்சே. இங்க வெயிலடிக்கும், சைக்கிள் ஸ்டாண்டுல உக்காருன்னு நான்தான் சொன்னேன்" என்றார். பேச்சில் ஒரு பெருமை வேறு. காலையிலிருந்து நாலைந்து தடவை தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போய்வந்த வழி அது.

சாம்பல் நிறப் பெட்டியின் மேல் அதே இடத்தில்தான் இருந்தாள். படிவத்தைச் சுருட்டிச் சுருட்டி அது குழாய் மாதிரி ஆகியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. நான் பெட்டியைப் பிடுங்கியதும்தான் எழுந்தாள்.

"மத்தியானம் உங்ககிட்டதானே கேக்க வந்தேன்" என்றாள்.

பதில் சொல்ல நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியின் சக்கரம் ஒன்று சுழலவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன், அவள் பின்னால் வந்தாள். அலுவலகத்தில் சான்றிதழ்களை வாங்கிய குமாஸ்தா ஒவ்வொரு தாளையும் எச்சில் தொட்டுப் புரட்டினார். சீக்கிரம் சார் என்றதற்கு, காலையில் வந்திருந்தால் இந்த அவசரம் உண்டா என்று எனக்கே புத்தி சொன்னார். அந்த ஆளின் மேல் வந்த கோபம் போகிற போக்கில் கேப்டன் மேல் போய், வாட்ச்மேன் மேல் போய், அந்தக் கட்டத்தின் மேல் போய், கடைசியில் திரும்பி என்னிடமே வந்து நின்றது. விடுதிப் படிகளில் ஏறும்போதே கையெழுத்தைப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

வார்டன் அறையின் ஜன்னல் சாத்தியிருந்தது. மேலே கடிகாரத்தில் ஐந்து மணி மூன்று நிமிஷம். உள்ளே விளக்கு எரிந்தது. சாவிகளைக் கொத்தாக அள்ளி மேஜை டிராயரில் போடும் சத்தம் கேட்டது. தட்டினேன். "டைம் ஆயிடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தப்பு என்னுடையது மேடம், இவள் காலை ஆறரையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், வாட்ச்மேனைக் கேளுங்கள் என்று கத்தினேன். உள்ளே சத்தம் ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி தொடர்ந்தது. உள்ளங்கையால் மரத்தில் அறைந்தேன். கை காந்தியது. நிறுத்தவில்லை. திறக்கும்வரை அடிப்பதென்று நின்றேன்.

நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். சுருண்டுபோன படிவத்தை முழங்காலில் விரித்து நீவிக்கொண்டிருந்தாள். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. படிவத்தில் துணை என்ற இடத்தை ஒரு முறை பார்த்தாள், பிறகு தலையை நிமிர்த்தி என் பட்டையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பெயர்தான். அதை அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.