பேட்டை தேடிய அழுகை

எங்கள் நகரத்தில் பேட்டைக்கு ஒரு ராகம் உண்டு. அங்கே பிறக்கிற குழந்தை அந்த ராகத்தில்தான் அழும். மந்தைவெளி சகானா, புரசைவாக்கம் மோகனம், திருவல்லிக்கேணி ஆனந்தபைரவி. குக்கர் விசிலும் அதிலேயே வருவதால் வீட்டு வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

என் மகள் மட்டும் எதிலும் சேராமல் அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அடையாற்றுப் பாலத்து நெரிசலில், சகாயராஜ் அண்ணன் ஆட்டோவிலேயே பிறந்துவிட்டாள். நாங்கள் இருப்பது மந்தைவெளியில். அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் பால் பொங்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. எதிர்வீட்டு அமிர்தவல்லி மாமி மட்டும் பச்சைப்பால் வாடை அடிக்கிற காபியைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, அதைத் தானே குடித்துவிட்டுப் போனார்.

வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அழுகை எந்தப் பேட்டையோடு சேர்கிறதோ, அங்கே ஒரு வீட்டில் குழந்தையை விட்டுவிட வேண்டும். பேச்சு வரும்வரை அவர்கள் வளர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம். நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் எனக்கு அவளைக் கொடுக்க மனமில்லை. எங்கேயும் சேரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

சகாயராஜ் அண்ணன் வண்டியிலேயே போனோம். என் கணவர் குணசீலன் வழி சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சரியாக ஓட்டினார்.

மயிலாப்பூரில் ஒரு சபா வாசலில் நிறுத்தினோம். குழந்தை அழுததும் ரசிகர்கள் கச்சேரியை விட்டு எழுந்து வந்து, என்ன ராகம் என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொன்னார்கள். மூன்று பேர் மூன்று ராகம் சொன்னார்கள். மூவருக்கும் சந்தேகமே இல்லை.

"சாயல் இருக்கு. ஆனா நம்மளது இல்லை" என்றார் ஜிப்பா போட்ட ஒருவர். அத்தோடு எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். எங்களுக்கும் ரவா தோசை வாங்கித் தந்தார்கள்.

ராயபுரத்தில் ஆட்டோக் கூரைமேல் தாளம் தட்டினார்கள். குழந்தை அந்தத் தாளத்துக்குள் கச்சிதமாக அழுதாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் குனிந்து அழுகையைக் கேட்டார்.

"தாளம் நம்மள்து தான். ராகம் வேற யார்தோ. எட்த்துக்கினு போம்மா."

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கோடம்பாக்கத்தில் வயலின்காரர்கள் இன்னொரு தடவை அழச் சொன்னார்கள். அவள் தூங்கிவிட்டாள்.

புரசைவாக்கத்தில் தொட்டிலே கட்டி வைத்திருந்தார்கள். ரத்தினசபாபதி என்கிற பாத்திரக்கடைக்காரர் வீடு. அவர் மனைவி பவளக்கொடி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். குழந்தை விழித்து அழுதாள். ரத்தினசபாபதி கண்ணை மூடிக் கேட்டார்.

"சேருது. ஒரு ஸ்வரம்தான் உதைக்குது. எங்க பேட்டைப் பால் குடிச்சா சரியாயிடும். காலையில கொண்டாந்து விட்டுடுங்க."

என் கணவர் நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குழந்தையும் கூடவே அழுதாள். சகாயராஜ் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். சகானாக்காரியான நான் சகானாவில் அழவில்லை. எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு ஸ்வரம்கூட உதைக்கவில்லை.

"யம்மா, ரெண்டு பேரு ஒரே ராகத்துல அழுதா அது தனிப் பேட்டை. சட்டம்தானே?" என்றார் அண்ணன்.

"சட்டம்தான்" என்றார் என் கணவர். எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கவலையில் எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

"அப்ப இந்த வண்டிதான் பேட்டை. பாப்பாவ எங்க வுடணும்?"

"இங்கேயேதான்" என்றேன். அழுகை நிற்கவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ரத்தினசபாபதியே தொட்டிலை அவிழ்த்துவந்து ஆட்டோக் கம்பியில் கட்டிக்கொடுத்தார். பவளக்கொடியை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னேன். என் கணவர் இன்னும் சகானா என்பதால் அவரை வீட்டோடு மாப்பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டோம். வழி சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

பேட்டை என்றால் ஒரு கோயில் குளம் வேண்டும். மறுநாள் காலை அது பின்சீட்டுக்குக் கீழே வந்திருந்தது, நான்கு பக்கமும் படிகளோடு. அண்ணன் திருப்பங்களில் மட்டும் மெதுவாக ஓட்டினார். நான் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு மீன்களுக்குப் பொரி போட்டேன்.