பதினோரு நிமிஷக் கூரை

படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள கேரவன் வண்டி செய்கிற அந்தத் தொழிற்சாலையின் இரண்டாவது லைனில் ஒரே ஒரு சட்டம்தான் செல்லும். ஒரு நாளைக்கு ஏழு வண்டி. ஏழும் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். மணி ஐந்தானாலும் சரி, ஒன்றானாலும் சரி, சம்பளம் அதேதான். எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தானோ தெரியாது. மனுஷ மனசை நன்றாகப் படித்தவனாக இருக்க வேண்டும். ஆனால் தான் விற்கிற வண்டியில் ஒரு ராத்திரிகூடப் படுத்துப் பார்த்தவன் இல்லை.

லைனில் கடைசி வேலை கூரை. தகடும் தகடும் சேருகிற இடங்களிலும், கூரை ஜன்னலைச் சுற்றியும், ஓரங்களிலும் தண்ணீர் புகாமல் பசை போட வேண்டும். முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்த ஆசாமி. துடைப்பார், காயவிடுவார், ஒரு பூச்சுப் போடுவார், நாற்பது நிமிஷம் காத்திருப்பார், பிறகு இரண்டாம் பூச்சு. அவர் காத்திருக்கும்போது லைன் மொத்தமும் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும். ஆறே மாதத்தில் அவரோடு யாரும் பேசுவதில்லை என்றானது. அவருடைய டீக் குவளை மூன்று தடவை காணாமல் போனது. கடைசியில் அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் நம்மவர். ஒரு கூரைக்குப் பதினோரு நிமிஷம். துடைப்பது கிடையாது, காயவிடுவது கிடையாது, இரண்டாம் பூச்சு என்று ஒன்று உண்டு என்பதையே அவர் கை மறந்துவிட்டது. அவசரக் கோலம் அள்ளித் தெளித்ததுதான். ஆனால் முதல் வாரத்திலேயே லைன் அவருக்கு மின்னல் என்று பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயர் அவருக்கும் பிடித்துப்போனது. ஒவ்வொரு கூரையையும் முடித்ததும், ஈரப் பசையில் ஆள்காட்டி விரலால் ஒரு மூலையில் சின்னதாக ஒரு மின்னல் கோடு இழுப்பார். யார் ஏறிப் பார்க்கப்போகிறார்கள்? இருந்தாலும் மனுஷனுக்குத் தன் வேலை மேல் ஒரு பிரியம்.

அன்றிலிருந்து லைன் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போனது. அலமாரிக்காரர் மின்னலின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். குழாய்க்காரர் அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். தரம் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் கையில் சிவப்புச் சீட்டுக் கட்டு ஒன்று உண்டு. சீட்டை ஒட்டினால் வண்டி திரும்பி வரும், லைன் நிற்கும். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறதே! ஒழுகுகிறதா என்று தண்ணீர் பீய்ச்சிப் பார்க்கும் மழை அறையில் இருபது நிமிஷம் நனைய வேண்டிய வண்டி நாலே நிமிஷத்தில் வெளியே வந்தது. "எல்லா ஊர்லயும் இருபது நிமிஷமா மழை பெய்யுது?" என்று நியாயம் கேட்பார். சிவப்புச் சீட்டுகளும் வீணாகவில்லை. கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலை அவற்றின் பின்பக்கம் எழுதிக்கொள்வார்.

இரண்டு மணிக்கு மின்னல் வீட்டில் இருப்பார். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது அவர்தான். அவளுக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு மாத்திரை கூடவோ குறையவோ எண்ணாதவள். "எப்படிங்க இவ்வளவு சீக்கிரம் வந்துடுறீங்க?" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டாள்.

"வேலை தெரிஞ்சவன் சீக்கிரம் முடிப்பான். நான் கை வச்ச கூரையில ஒரு சொட்டு இறங்காது, தெரியுமா?"

சொல்லும்போது அது பொய் என்று அவருக்கே தோன்றவில்லை. மகள் அதைக் கேட்டுக் கேட்டு, பள்ளிக் கட்டுரையில் 'என் அப்பா மழையை நிறுத்துகிறவர்' என்று எழுதிவிட்டாள். ஆசிரியை பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். அந்தக் கட்டுரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் மின்னல் அதைப் படிப்பார். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு வரிதான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். தொழிலாளர் மகிழ்ச்சியை அளப்பது அவருடைய உத்தியோகம். எல்லோருக்கும் படிவம் கொடுத்தார். முதல் லைனுக்கு நூற்றுக்கு அறுபது வந்தது. மூன்றாவது லைன் ஐம்பத்திநாலு. பாவம், அவர்கள் பசை காயக் காத்திருக்கிற ஜென்மங்கள். இரண்டாவது லைனுக்குத் தொண்ணூற்றேழு! மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். மறுநாளே லைனைக் கூட்டி நிற்கவைத்தார்.

"உங்கள்ல ஒருத்தருக்குக் குடும்பத்தோட ஒரு வாரம் விடுமுறை! ஏரிக்கரையில! எல்லாச் செலவும் கம்பெனியோடது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"அதுவும், நீங்களே உங்க கையால செஞ்ச வண்டியில!"

கைதட்டல் சட்டென்று நின்றது. பின்வரிசையில் ஒருவர் இருமினார். மேடம் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினார். அலமாரிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டு, "கடவுளே, எனக்கு மூணு குழந்தைங்க" என்று முணுமுணுத்தார். குழாய்க்காரர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பரிசின் மேல் இவர்களுக்கு எவ்வளவு ஆசை என்று மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சீட்டில் மின்னல் பெயர் வந்தது. லைனே ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்தது. அத்தனை பேருக்கும் உள்ளபடியே சந்தோஷம். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவரும் பல்லைக் காட்டி நின்றார்.

வீட்டில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. ஆனால் மேடம் வீட்டுக்கே போன் போட்டு வாழ்த்திவிட்டார். மகள் அன்றைக்கே பையைக் கட்டி வாசலில் வைத்தாள். "ஏரிக்கரையில மழை பெய்யுமாப்பா? பெய்யணும். அப்பதான் உங்க கூரைக்குக் கீழ படுத்துக்கிட்டுச் சத்தம் கேக்கலாம்."

மின்னலுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். பரிசு வண்டியின் மேல் ஏறிப் பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். துடைத்தார், காயவிட்டார், முதல் பூச்சுப் போட்டார். காத்திருந்தார். வாட்ச்மேன் கீழே நின்று, "என்ன சார், மேலேயே குடித்தனம் வந்துட்டீங்களா?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளம் என்று மின்னலுக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் முற்றத்தில் வெளியூர் போகக் காத்திருந்த இரண்டாவது லைன் வண்டிகள் வெள்ளை வெள்ளையாய்த் தெரிந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் அவருடைய மின்னல். எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். அவை எங்கெங்கோ போகும். நாம் பார்க்காத மழை எங்கே பெய்தால் நமக்கென்ன? மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இரண்டாம் பூச்சு காய்ந்தபோது அதுவும் காய்ந்துவிட்டது. முழுசாக நாலு மணி நேரம். மீந்த பசையையும் சுரண்டும் தகட்டையும் எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியிலேயே வைத்தார். முடித்ததும் மூலையில் புதுசாகக் கொஞ்சம் பசை வைத்து ஒரு மின்னல் போட்டார். இந்தத் தடவை பார்த்துப் பார்த்து அழகாகப் போட்டார்.

ஏரிக்கரைக்குப் போன முதல் நாளே மகளை ஏணியில் ஏற்றி அதைக் காட்டினார். "இது அப்பா கையெழுத்து. வேற யாரும் இதைப் போட மாட்டாங்க." மகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

அன்று மாலை குழாய் கையோடு வந்துவிட்டது. 'அண்ணே, நீங்களா' என்று மின்னல் மனசுக்குள் குழாய்க்காரரைக் கூப்பிட்டார். மறுநாள் அலமாரிக் கதவு மனைவியின் கால்மேல் விழுந்தது. திருகாணி இருக்க வேண்டிய துளையில் ஒரு ஆணிதான் இருந்தது. அதுவும் பாதிதான் இறங்கியிருந்தது. மேஜையை மடித்தால் விரிக்க வரவில்லை. கழிப்பறைக் கதவு உள்ளிருந்து பூட்டும், வெளியிலிருந்துதான் திறக்கும். ஒவ்வொன்றும் யார் கைவேலை என்று மின்னலுக்கு அத்துப்படி. எல்லோரும் அவருடைய உயிர் நண்பர்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி நேரம் விடாமல் கொட்டியது. மகள் மேல்படுக்கையில் மல்லாந்து படுத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. மனைவி காபியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த வண்டியில உருப்படியா இருக்கிறது உங்க கூரை ஒண்ணுதாங்க. மத்தவங்களுக்கும் உங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க."

மின்னல் காபியை மெல்ல உறிஞ்சினார். ஒழுங்காகச் செய்த வேலைக்கு ஒரு பாராட்டு வாங்குவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த ருசி அவருக்குப் புதுசாக இருந்தது.

மழை விட்டு வெயில் வந்ததும் வெளியே வந்தார்கள். பக்கத்தில் அதே மாதிரி வண்டி ஒன்று நின்றது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும் அதில் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் மெத்தை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா ஆச்சு?" என்று மின்னலின் மனைவி கேட்டாள்.

"மேல ஒழுகுதும்மா. விடியற்காலையிலிருந்து பாத்திரம் வச்சுப் பிடிச்சோம். வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. இவருக்கு ஓய்வுக்குப் பிறகு இதுதான் ஆசை. ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனவரு, இனிமே நம்ம ரெண்டு பேரு மட்டும் போகலாம்னு சொல்லி வாங்கினாரு."

"கவலையே படாதீங்க! எங்க வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில கூரை வேலைதான் பாக்குறாரு. ஏங்க, இங்க வாங்க!"

"வெளியாளு தொட்டா கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்கம்மா…" என்று மின்னல் இழுத்தார்.

"நீங்கதானே கம்பெனி?" என்று சிரித்தாள் மனைவி.

அதற்கு மேல் என்ன சொல்வது? சுரண்டும் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். பசை தூசி மேல் உட்கார்ந்து, காய்ந்து, தோல் மாதிரி உரிந்து கிடந்தது. ஒரே பூச்சு. முன்மூலையில் அவசரமாக இழுத்த ஒரு மின்னல். சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். எட்டு மாதத்துக்கு முன் எந்த நாள், அன்றைக்கு வீட்டுக்கு என்ன அவசரம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அது ஏதோ ஒரு சாதாரண நாள்.

"எந்தப் பாவி செஞ்ச வேலையோ!" என்றாள் கீழிருந்து மனைவி. "இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

"அப்படிச் சொல்லாதம்மா" என்றார் டிரைவர். "பாவம், அவனுக்கு வீட்டுக்குப் போக என்ன அவசரமோ."

மின்னல் எட்டிப் பார்த்து, "இது மூணாவது லைன் ஆளுங்க வேலை. அவங்க எப்பவும் இப்படித்தான்" என்றார். சொல்லிக்கொண்டே கையை எடுத்து அந்த ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். அதுதான் பிசகு. பின்னாலேயே ஏணியில் ஏறி வந்திருந்த மகள், கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"இல்லப்பா! இது நீங்க செஞ்சதுதான்!" அவள் முகமெல்லாம் பெருமை. கீழே திரும்பிக் கத்தினாள்: "அம்மா! இங்கயும் மின்னல் இருக்கும்மா! இதுவும் அப்பா கூரைதான்!"

கீழே டிரைவரின் மனைவி பிழிந்த விரிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிறுமி விழுந்துவிடக் கூடாதே என்று அவர் பிடியை விடவில்லை.

மின்னலின் மனைவி மேலே பார்த்துக் கேட்டாள்: "இதைச் சரியாச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம்."

"அங்க எவ்வளவு நேரத்துல செய்வீங்க?"

மின்னல் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. ஆனால் அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"பதினோரு நிமிஷம்."

மாத்திரை எண்ணுகிறவள் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? "அதான் தினமும் ரெண்டு மணிக்கே வந்துடுறீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"பாப்பா, இறங்கி வா. அப்பாவுக்கு வேலை இருக்கு."

மகள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். மின்னல் சட்டைப் பையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்தார். பழைய பசை முழுவதும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதுசு ஒட்டாது. முன்மூலையிலிருந்து ஆரம்பித்தார்.