கீழ்ப்பல் செட்

மருமகள் கிண்ணத்துத் தண்ணீரிலிருந்து கீழ்ப்பல் செட்டை எடுத்து உதறினாள். மேல்செட்டை மாட்டியாகிவிட்டது. கட்டிலில் மாமனாரின் கன்னம் இன்னும் ஒட்டித்தான் கிடந்தது. தூக்கத்திலேயே போயிருந்தார். அவள் கணவன் டாக்டரை அழைத்துவரப் போயிருந்தான்.

“தாடை இறுகுறதுக்குள்ள மாட்டிடு. வர்றவங்க இந்த மூஞ்சியவா பாக்கணும்?” என்று மாமியார் கதவைச் சாத்தினாள்.

இந்தப் பல்லுக்கு அவரைக் கிளப்பிவிட்டவளே மருமகள்தான். மாமனார் மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவர். பழைய செட் ஒருநாள் பாதிக் கூவலில் எகிறி நண்டுக் கூடைக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சந்தைப் பக்கமே தலைகாட்டவில்லை.

“வயசு தடையில்ல. சர்க்கரை குறையணும், சிகரெட்ட விடணும். தாடை எலும்புல ரெண்டு திருகு வச்சு, அது பிடிக்க நாலு மாசம் பொறுக்கணும். அப்புறம் அதுமேல செட்ட மாட்டிக்கலாம். சொந்தப் பல்லு மாதிரி வராது. ஆனா ஆடாது” என்றார் அவள் அவரைக் கூட்டிப்போன பல் டாக்டர்.

“எழுபத்து மூணு வயசுல எலும்புல ஓட்டையா?” என்று கேட்ட மாமியார், இரண்டு நாள் மருமகளோடு பேசவில்லை.

நாலு மாதமும் அவர் மசித்ததையே விழுங்கினார். செட் மாட்டி ஆறு மாதம்தான் ஆகிறது.

“உக்கார மாட்டேங்குது அத்தை. தாடையக் கொஞ்சம் பிடிங்க.”

மாமியார் பிடித்தாள். “நாப்பது வருஷமா நான் கத்தியும் விடாத சிகரெட்ட, ரெண்டு திருகுக்காக விட்டாரே இந்த மனுஷன்!”

“ஆறு மாசத்துக்காக அவர வீணா கஷ்டப்படுத்திட்டேன் அத்தை.”

“போடி. ஆறு மாசமும் சந்தைக்குப் போனாரில்ல? அங்க கூவுனது பத்தாதுன்னு வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒருதரம் கூவுவாரு. காதே போயிடும். ‘கொஞ்சம் வாய மூடுங்க’ன்னு நேத்துகூட...”

மாமியார் தாடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மருமகள் கட்டைவிரல்கள் இரண்டையும் உள்ளே வைத்து ஒரே சமயத்தில் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. உதடு தன் இடத்துக்கு வந்தது. அடுத்த கூடைக்கு விலை சொல்லப்போகிறவர்போல இருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் எழுந்திருக்கவில்லை. மருமகளின் கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈர விரல்களை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்தாள். எல்லாம் துடைத்தாயிற்று. கையை மட்டும் விடவில்லை.