நண்டை மட்டும் மாற்ற முடியவில்லை

1

இந்தக் கதை, ஒரு பின்னூட்டத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய ஒருவரிப் பதில். அந்த ஒரு வரியை எழுத மனம் வராததால் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

தைபேயில் உட்கார்ந்துகொண்டு நாடகம், தொலைக்காட்சி, நம்மாட்கள் வாழ்க்கை மூன்றையும் ஒரே வலைப்பூவில் எழுதி வருகிறவன் நான். நம்மாட்கள் என்றால் ஆண்களைக் காதலிக்கும் ஆண்கள், பெண்களைக் காதலிக்கும் பெண்கள். வாசகர்களுக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், புள்ளிவிவரப் பக்கத்தைக் கேளுங்கள். கோயில் வாசலில் கொசுக்கடியோடு நின்று பார்த்த இசைநாடகத்தைப் பற்றி உயிரைக் கொடுத்து எழுதினால், என் அம்மாவே பாதியில் மூடிவிடுகிறார். தொடரில் நாயகன் நனைந்த சட்டையைக் கழற்றினான் என்று மூன்று வரி எழுதினால் ஊரே திரண்டு வருகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. அந்தக் காட்சியை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

இதுவரை நான் விமர்சனம்தான் எழுதியிருக்கிறேன். கதை இதுதான் முதல். பிழை இருந்தால் பின்னூட்டத்தில் திட்டுங்கள், உங்களுக்குப் பழக்கம்தானே.

2

[முதல் தொடக்கம், கைவிட்டது] "நண்டு வந்ததும் மேசையே கைதட்டியது, ஒருவனைத் தவிர. அவன் கண்களில்"

கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் நண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[இரண்டாவது தொடக்கம், இதையும் கைவிட்டேன்] "காதலுக்கு முகவரி இல்லை என்பார்கள், ஆனால்"

சீ.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஹௌயென் என்று ஒரு நடிகன். அவன் அம்மா ச்சுன்மெய் ஓர் இசைநாடகக் குழுவின் தலைவி. எங்கள் இசைநாடகத்தில் ஆண் வேடத்தைப் பெண்கள்தான் கட்டுவார்கள். ச்சுன்மெய் தளபதி வேடத்தில் வந்து நின்றால் முன்வரிசைப் பெண்களுக்கு மூச்சு நின்றுவிடும். மகன் மேடையில் ஏறவில்லை, தொலைக்காட்சிக்குப் போய்விட்டான். இரண்டு ஆண்கள் காதலிக்கும் தொடர் ஒன்றில் அந்த இருவரில் ஒருவன். சட்டையைக் கழற்றியவனும் அவன்தான்.

ரசிகைகளுக்கு அவனும் உடன் நடிக்கும் பையனும் நிஜத்திலும் ஜோடி. இருவர் பேரையும் ஒட்டி ஒரே பேராக்கி, கேக்கில் எழுதி வெட்டுகிறார்கள். இந்த ஊரில் ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம், கோயிலில் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் திரையில் ஒருவனை முத்தமிட்டவனுக்கு வீட்டில் வேறொருவன் இருந்துவிடக்கூடாது. இருந்தால் துரோகி. அப்படி மாட்டிக்கொண்ட ஒரு நடிகனின் படத்தை ரசிகைகள் கத்தரித்து அவன் நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். அடுத்த தொடரில் அவன் இல்லை. அவன் இப்போது என்ன செய்கிறான் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

3

என் நண்பர்கள் இருவரின் கல்யாண விருந்து. எங்கள் மேசையில் என் தோழன் ஆபினும், எனக்கு அதுவரை அறிமுகமில்லாத ஒரு பல் மருத்துவனும் இருந்தார்கள். மருத்துவனுக்கு ஷுவென் என்று பேர் வைக்கிறேன். நடுவில் சிவப்பு நண்டுச் சோறு வந்தது. இந்த ஊர் விருந்தில் அது வராவிட்டால் சம்பந்திகள் சண்டைக்கு வருவார்கள்.

"எடுத்துக்குங்க டாக்டர், ஆறிடப் போவுது," என்றான் ஆபின், வாயில் ஒரு கொடுக்கோடு.

"இல்லைங்க, பரவால்ல. எங்க வீட்டுல நண்டு சாப்பிட மாட்டோம்."

"ஒத்துக்காதா?"

"அதெல்லாம் ஒத்துக்கும். சாப்பிடறதில்ல, அவ்வளவுதான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். நாடகப் பைத்தியம் பிடித்தவனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? "குடும்பம் நாடகக் குழுவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சேச்சே! அப்பா, அம்மா, நான், எல்லாருமே பல் டாக்டருங்க," என்றவன் சட்டென்று நிறுத்தினான். காது இரண்டும் நண்டு நிறத்துக்கு வந்துவிட்டன.

நாடகக்காரர்கள் நண்டு சாப்பிடமாட்டார்கள். அவர்களுடைய தெய்வம் குழந்தையாக வயலில் வீசப்பட்டுக் கிடந்தபோது, நண்டுகள் வந்து வாய்நுரையை ஊட்டிக் காப்பாற்றின. அதனால் அந்தச் சாமியின் வாயைச் சுற்றி நண்டு வரைந்திருப்பார்கள். பல் மருத்துவர் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அவன் சொன்ன 'எங்க வீடு' எந்த வீடு? ச்சுன்மெய்யின் மேடைக்குப் பின்னால், தளபதியின் அங்கியை உதறி மடித்துக்கொண்டிருந்த ஒருவனை முன்பு பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே காதுகள்.

 என் பங்கு நண்டைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

4

ஆபின் அந்த மேசையைப் படம் பிடித்து வலையில் போட்டான். பிறகு என் வலைப்பூவில் இந்தப் பின்னூட்டம் வந்தது. நான் ஒப்புதல் கொடுத்தால்தான் பின்னூட்டம் வெளியே தெரியும் என்பதால், இதைப் பார்த்தது நான் மட்டும்.

"அண்ணா, உங்க ஃப்ரெண்டு போட்ட கல்யாணப் படத்துல ஓரமா இருக்கறவரைப் பாருங்க. ஹௌயெனுக்கு ஷூட்டிங்ல குடை கொண்டுவந்து குடுத்தவரும் இவர்தான்னு எனக்கு ஒரு டவுட். எல்லார் தட்டுலயும் நண்டு ஓடு கெடக்கு, அவர் தட்டுல மட்டும் இல்ல. சமையல் நிகழ்ச்சியில ஹௌயெனும் நண்டைத் தொடல. அவனுக்கு அலர்ஜின்னு எல்லாரும் சொல்றாங்க, நான் நம்பல. ரெண்டு பேரும் நண்டு சாப்பிடாததுக்கு ஏதாவது காரணம் இருக்கா? நாடகம் தெரிஞ்சவர் நீங்கதானே."

எழுதியவர் பேர் 'பொரித்த டோஃபு'. ஆணா பெண்ணா தெரியாது, அவள் என்றே வைத்துக்கொள்கிறேன். தொடரைப் பற்றி எழுதினாலும் வருவாள், யாரும் வராத இசைநாடகக் கட்டுரைக்கும் வருவாள். எனக்கு வாய்த்த உண்மையான வாசகி அவள் ஒருத்திதான். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள், தொடர் ரசிகர்களுக்கு நடுவே நான் ஒருத்தன்தான். ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரிக்கு, என் வலைப்பூ பிறந்ததிலிருந்து வராத கூட்டம் வரும்.

ஆசையே படவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பட்டேன். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பட்டேன். பிறகு, முடியாது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு அந்த முடிவு மாறவில்லை.

5

[இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்]

பல் மருத்துவன் பல் மருத்துவன் இல்லை. கல்யாணம் கல்யாணம் இல்லை. குடை குடை இல்லை. ஹௌயென் நடித்ததாகச் சொன்ன தொடரை இந்த ஊரில் தேடினால் கிடைக்காது. ஆளை மறைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும். இதில் ஒரு சங்கடம்: எந்தச் சின்ன விவரம் கதைக்கு உயிர் கொடுக்கிறதோ, அதுவேதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

நண்டையும் மாற்றிப் பார்த்தேன். "எங்க வீட்டுல விலாங்கு சாப்பிட மாட்டோம்" என்று எழுதினேன். ஏன் சாப்பிடமாட்டார்கள்? தெரியாது. "எங்க வீட்டுல மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம்" என்று மாற்றினேன். இந்த ஊரில் விவசாயக் குடும்பங்கள் பலதில் சாப்பிடமாட்டார்கள், அதனால் யாருக்கும் காது சிவக்காது. நண்டை எடுத்ததும் கதை செத்துவிட்டது. ஆகவே நண்டு நண்டாகவே இருக்கிறது. இந்தக் கதையில் நான் மாற்றாமல் விட்டது அது ஒன்றுதான். ஆளை மறைத்து ஏற்றியிருக்கும் இந்தப் படகில் ஓட்டை என்றால் அதுதான் ஓட்டை.

6

ச்சுன்மெய்யைப் பார்க்கப் போனேன். கோயில் வாசலில் மத்தியான ஆட்டத்துக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு புருவம் தளபதிக்கு ஏறியிருந்தது, இன்னொன்று இன்னும் ச்சுன்மெய்யின் புருவமாகவே இருந்தது.

"வா தம்பி. என்ன, எழுத வந்தியா, பாக்க வந்தியா?"

"கேக்க வந்தேன்க்கா."

"மொதல்ல நான் கேக்கறேன். என் போன ஆட்டத்துக்கு உன் பக்கத்துல ரெண்டே ரெண்டு பின்னூட்டம். எம்புள்ள சட்டையக் கழட்டினதுக்கு? ஸ்க்ரோல் பண்ணி என் வெரலே தேஞ்சு போச்சு! இந்த வயசுல நான் வாள் சுத்தறேன், அது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல."

"அக்கா, நீங்க என் பக்கம் படிக்கிறீங்களா?"

"படிக்காம? அந்த ரெண்டுல ஒண்ணு டோஃபுவோ என்னமோ. நான் வாளத் தப்பாப் புடிச்சதக் கண்டுபுடிச்சிருக்கா பாரு. கண்ணா அது!"

அந்தக் கண்ணைப் பற்றித்தான் வந்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தூரிகை நின்றது.

"நண்டாலயா?" என்று சிரித்தார். சிரித்தபடியே எழுதிய கண்ணைத் துடைக்கப் போய், மை இழுவிக்கொண்டது. "அந்த டாக்டர் பையன்கிட்ட நான் விடச் சொல்லவே இல்ல தம்பி. நீ எங்க குழுவுல சேரல, நீ பாட்டுக்கு சாப்புடுப்பான்னேன். அவனாத்தான் விட்டான். அவங்க ரெண்டு பேரும் கட்டிக்கலாம்னு சட்டம் சொல்லுது, கூடாதுன்னு தொடர்க்காரங்க ஒப்பந்தம் சொல்லுது. ஊரக் கூட்டி மோதரம் மாத்திக்க முடியாதவன் என்ன பண்ணுவான்? நண்ட விட்டான்."

 எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், இப்படியொரு கல்யாணத்தைக் கேள்விப்பட்டதில்லை.

"இத எழுதட்டுமாக்கா? பேர் இல்லாம?"

"வேஷம் கட்டி எழுது. நான் வாழ்க்கை பூரா ஆம்பள வேஷம் கட்டறேன், எவளாவது என்னப் பொய்க்காரின்னு சொன்னாளா? ஆனா அவங்க ரெண்டு பேரயும் கேட்டுட்டு எழுது. இப்பக் கெளம்பு, எனக்கு இன்னொரு புருவம் பாக்கி."

கேட்டேன். ஹௌயென் சரி என்றான். மருத்துவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: அவனை அழகனாக எழுத வேண்டும். அழகன்தான். எழுதியாகிவிட்டது.

7

ஆபின் படத்தை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் டோஃபு அதைச் சேமித்திருப்பாள்.

"எல்லாம் என்னாலதான்டி அக்கா*," என்று மூக்கைச் சிந்தினான். "இந்த ஊர்ல நண்டு சாப்பிடாதவங்க நாலு பேர் கூடுதலா இருந்திருந்தா, அவ கண்ணுல பட்டிருக்குமா?"

"இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"இப்பச் சொன்னியே, அத. நீ நண்ட விடு."

"நானா?" எழுந்தே நின்றுவிட்டான். "நண்டயா? என் புருஷன வேணா விடறேன்டி!"

"உன் புருஷன் யாருக்கு வேணும்? நண்ட விடு."

"எதுவரைக்கும்?"

"ஹௌயென் தானா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும்."

ஆபின் சாமி கும்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான். "பாவக்காய விடச் சொன்னா விட மாட்டேனா? இவளுக்கு நண்டுதான் கெடச்சுது!" என்று புலம்பினான். ஆனால் ஒப்புக்கொண்டான்.

* எங்கள் கூட்டத்தில் ஆண்களே ஒருவரையொருவர் அக்கா, தங்கச்சி, வாடி, போடி என்றுதான் அழைத்துக்கொள்வோம். டி போட்டால் பாசம். மரியாதையாகப் பேசினால் சண்டை என்று அர்த்தம்.

8

கைவிட்ட முடிவுகள்:

(அ) தொடரின் கடைசி நாளில் ஹௌயென் மேடையேறி ஷுவென் கையைப் பிடிக்கிறான். ரசிகைகள் அழுதபடி கைதட்டுகிறார்கள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரியும். அவன் இன்னும் ஏறவில்லையே, நான் எப்படி ஏற்றுவேன்?

(ஆ) டோஃபு எல்லாவற்றையும் வெளியிட்டுவிடுகிறாள். ஹௌயெனுக்கு வாய்ப்புகள் போய், அம்மாவின் குழுவில் பெட்டி தூக்கிக்கொண்டு, ஒரு மழை நாளில்

இல்லை. இதை எழுத மாட்டேன். நம்மாட்கள் வருகிற கதைகளில் கடைசியில் மழை பெய்தது போதும்.

(இ) டோஃபு என்பது ச்சுன்மெய்தான். இதை யோசித்துவிட்டு நானே வெட்கப்பட்டேன்.

9

டோஃபு, நீ மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பாய். உன் கண் அப்படி. "பதில் இல்லையா அண்ணா?" என்று நீ அனுப்பிய இரண்டாவது பின்னூட்டமும் வந்தது. அதையும் வெளியிடவில்லை, வெளியிடவும் மாட்டேன். எனக்குக் கூட்டம் வேண்டாம். கோயில் வாசலில் தளபதி வாளைத் தப்பாகப் பிடித்ததைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி போதும். ஹௌயெனை முதலில் பிடித்தது உனக்கு. அவன் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமா வேண்டாமா என்று நீயே சொல்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஆபினின் அலுவலக ஆண்டிறுதி விருந்துக்குப் போயிருந்தோம். நண்டுச் சோறு வந்தது. ஆவி பறந்தது. ஆபின் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்குப் பிரிவு அக்கா எங்கள் தட்டுகளைப் பார்த்தார்.

"ஏன்பா, ரெண்டு பேரும் நண்ட அப்படியே வச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுல நண்டு சாப்பிட மாட்டோம்க்கா," என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் காதும் சூடாகியிருந்தது.

"எங்க வீட்டுலயும்," என்றான் ஆபின், அழாத குறையாக.

அந்த அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  தன் தட்டில் இருந்த நண்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஏன் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் ஒரு கதை இருக்கலாம், பல் வலியாகவும் இருக்கலாம்.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. ஓட்டையை அடைக்க இரண்டு பேர் போதாது. உங்கள் மேசைக்கும் ஒரு நாள் நண்டு வரும், தொடாமல் வையுங்கள், நீங்கள் ஏன் சாப்பிடவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். அலர்ஜி என்று சொல்லாதீர்கள். "எங்க வீட்டுல" என்று ஆரம்பியுங்கள்.