சன்னலுக்குத் தெரியாத மூன்று கன்றுகள்

பனி விழுந்து ஓய்ந்ததும் ஆப்பிள் கன்றுகளைச் சுற்றி நன்றாக மிதித்து இறுக்கிவிட வேண்டும். பொலபொலவென்று விட்டுவைத்தால் எலி பனிக்கடியிலேயே வழி பண்ணிக்கொண்டு வந்து பட்டையைத் தின்றுவிடும். எங்கள் உரால் மலைப் பக்கத்தில் இது குடிகாரனுக்கும் தெரியும். என் புருஷன் யெஃபிமுக்கும் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்து தைசியா அக்கா இடுப்பு ஆபரேஷனுக்காகப் பெர்ம் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது அவனிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து கன்றுகள். எலி அண்டாமல் அடியில் ஊசியிலைத் தழை சுற்றி, முயல் கடிக்காமல் மேலே கோணி கட்டி, எல்லாம் அவரே செய்து வைத்திருந்தார்.

"மிதிக்கிறது மட்டும் உன் பொறுப்பு, தம்பி."

"நிம்மதியா போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்ல" என்றான். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பனி விழும்போதெல்லாம் கேட்டேன். "மிதிச்சாச்சு, மிதிச்சாச்சு" என்றான். சன்னலில் எட்டிப் பார்த்தால் வேலியோரக் கன்றுகள் இரண்டையும் சுற்றிக் கால்தடம். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஏப்ரலில் அக்கா ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். மூவருமாகப் போய்ப் பார்த்தோம். வேலியோரக் கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் தோட்டக் குடிசைக்குப் பின்னால், எங்கள் சன்னலுக்குத் தெரியாத மூன்றிலும் அடிப்பட்டை சுற்றிலும் போய் வெள்ளைக் கட்டை தெரிந்தது. இந்த வருடம்தான் முதல் காய் பிடித்திருக்க வேண்டும். இனி வெட்டிப் போடத்தான் ஆகும்.

"நான்தான் தழையைச் சரியாச் சுத்தலையோ என்னவோ" என்றார் அக்கா.

"இருக்கும்க்கா" என்றான் இந்த மனுஷன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இவன் பெண்டாட்டி என்று அங்கே நிற்கவே அவமானமாக இருந்தது.

"இவன் இந்தப் பக்கம் வரவேயில்லைக்கா. என் கண்ணுக்குப் படுற ரெண்டை மட்டும் மிதிச்சிருக்கான்."

யெஃபிமின் காது சிவந்தது. "பின்னாடி பனி இடுப்பளவு..." என்று இழுத்தான்.

"முன்னாடி ரெண்டு மட்டும் தப்பிச்சிருக்கிறதைப் பார்த்தப்பவே புரிஞ்சுபோச்சு" என்றார் அக்கா. "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

பையைத் திறந்து தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார்.

"படுக்கையில கிடந்தப்பப் பின்னினது. எனக்காகப் பனியில நிக்கிறானே, கால் விறைச்சுப்போகுமேன்னு."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்கிக்க, தம்பி. உன் அளவுக்குப் பின்னினது. வேற யாருக்கும் ஆகாது."