எட்டாம் மாதிரிக்குக் குறை இல்லை

எங்கள் வெடிமேட்டில், ராணுவச் சோதனையில் தோற்றுப்போன துப்பாக்கிகள் பேசும். எந்நேரமும் பேசிக்கொண்டிருக்காது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து இன்னொருவரைப் பற்றிக் குறை சொன்னால் பேச்சில் சேர்ந்துகொள்ளும். அதை வைத்துத்தான் அவை அசலா போலியா என்று நான் சான்றிதழ் தருகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் உத்தியோகம்.

ஊருக்கு மேற்கே ஒரு காலத்தில் சோதனைத் திடல் இருந்தது. புது மாதிரித் துப்பாக்கிகளைக் கையால் இரண்டோ மூன்றோ செய்து கொண்டுவந்து அங்கே சுட்டுப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சுடுவதற்கு முன் 'நிச்சயமாகவா?' என்று இரண்டு முறை கேட்கும் துப்பாக்கி, எதிரி முதுகைக் காட்டினால் சுட மறுக்கும் துப்பாக்கி, வெள்ளிக்கிழமை மட்டும் இடது பக்கம் சாய்கிற துப்பாக்கி எல்லாம் அப்படி வந்து தங்கியவைதான். இன்று அவற்றைச் சேகரிக்கிறவர்கள் ஊரில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் போதுமான தோல்விகள் ராணுவத்திடம் இல்லை. அதனால் போலிகள் வந்தன.

போலி செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். அரம் போட்ட கீறல், ஒன்றுக்கொன்று பொருந்தாத திருகாணிகள், எண் அடிக்காத குழல் என்று கைவேலையின் அடையாளங்களை எல்லாம் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். மனக்குறையை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை. போலியைப் பேசவிட்டால், தான் பார்த்த போர்களைப் பற்றி அளக்கும். அசல் வேறு மாதிரி. தேர்வுக் குழுத் தலைவருக்கு அன்றைக்குப் பல்வலி என்று ஆரம்பிக்கும்.

ஆகவே வருகிற துப்பாக்கியை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து என் நாத்தனாரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். பத்து நிமிஷத்தில் அது வாயைத் திறந்துவிடும். நாத்தனாருக்கு இதில் வருத்தம்தான். அரசாங்க வேலைக்காக என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

ஜம்புநாதன் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே அவர் கொண்டுவந்த இரண்டு துப்பாக்கிகளும் போலி என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊர் விதிப்படி மூன்றாவதும் போலியானால் கொண்டுவந்தவரும் போலி. அதன்பிறகு அவர் பெயருக்கு முன்னால் 'நகல்' என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும். ரேஷன் கார்டிலிருந்து வாசல் பலகை வரைக்கும் அப்படித்தான். ஊரில் ஏற்கெனவே ஒன்பது நகல்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் அவர்கள் பெயரைப் போடுவதில்லை. பந்தியில் கடைசியில் உட்காருகிறார்கள். நகல் தண்டபாணி என்பவர் ஒருமுறை தன் தபாலைத் தானே வாங்க முடியாமல் மூன்று நாள் அலைந்தார்.

இது தெரிந்தும் ஜம்புநாதன் மூன்றாவதைக் கொண்டுவந்தார். ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனையை அவர் மனைவி சௌந்தரம் பிடித்திருந்தார். எட்டாம் மாதிரி. குறி பார்த்து விசையை இழுத்தால் உடனே சுடாது. ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டுச் சுடும். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று பேச்சு. மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். கீறல்கள், திருகாணிகள், குழல் எல்லாம் சரியாக இருந்தன. இது அசல் என்று என் மனசு சொன்னது. ஆனால் மனசுக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

நாற்காலியில் வைத்து ஆரம்பித்தேன். நாத்தனார் என் பட்டுப்புடவையைக் கடன் வாங்கிப் போய் மஞ்சள் கறையோடு திருப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் அந்த இடத்தில் பொங்கிவிடும். எட்டாம் மாதிரி ஐந்து நிமிஷம் யோசித்தது.

"பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ" என்றது.

அடுத்ததாக, என் மாமனார் காரியத்தன்று அவள் ஜோல்னாப் பையில் முறுக்கு எடுத்துப் போனதைச் சொன்னேன். குழந்தைகளுக்காக இருக்கும் என்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று. என் வழக்கத்தை மீறி நேராகவே கேட்டேன், உனக்கு ஒரு குறையும் இல்லையா என்று.

"எனக்கு என்னம்மா குறை. ராஜா மாதிரி வெச்சிருக்கார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜம்புநாதனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் எழுந்ததும் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, மெல்லிய துணியால் துடைத்து, உன்னைப் போல இன்னொன்று உண்டா என்று கேட்டிருக்கிறார். சேகரிப்பவர்கள் செய்கிற தப்பு இது. பாராட்டப் பாராட்டக் குறை கரைந்துவிடும். குறை இல்லாத சோதனைத் துப்பாக்கி சட்டப்படி போலிதான். படிவம் ஒன்றின் பின்பக்கத்திலேயே இதை அச்சடித்திருக்கிறோம். யாரும் பின்பக்கத்தைப் படிப்பதில்லை.

அவர் கேட்டுக்கொண்டதால் கால் மணி அவகாசம் கொடுத்தேன். அதை நாலு வார்த்தை திட்டிப் பாருங்கள் என்றேன். ஜம்புநாதன் அதன் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். உருப்படாத இரும்பே என்று ஆரம்பித்து, இரும்பு என்ற இடத்திலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நகலாகி வாழ்வதை நினைத்தா, அதைத் திட்டியதை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. போலி என்ற முத்திரையை எடுத்து மையில் ஒற்றினேன்.

அப்போதுதான் சௌந்தரம் பேசினார். அதுவரைக்கும் அவர் சுவரோரம் பெஞ்சில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு மேடம். வந்த மொத நாள் ரசம் வெச்சேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டு 'ம்' னார். அது நல்லா இருக்குன்னா, இல்லைன்னா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அன்னிக்கு விறகு ஈரம். ஒரே புகை. உப்பு எங்க இருக்குன்னுகூட ஒருத்தரும் சொல்லலை. இன்னொரு நாள் சோதிச்சுப் பாத்திருந்தா நல்லா வந்திருக்கும். பாக்கலை. அப்படியே ஓரமா வெச்சுட்டார். தினம் காலையில அந்த இரும்புகிட்ட உன்னை மாதிரி உண்டான்னு கேக்கறார். நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நான் முத்திரையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஈர விறகு, புகை, தேர்வாளர் காரணம் சொல்லாமல் ஒதுக்கியது, மறுவாய்ப்பு மறுக்கப்பட்டது என்று எல்லாம் படிவத்தின் கட்டங்களில் பிசகாமல் போய் உட்கார்ந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான குறையை நான் கேட்டதில்லை. புற அடையாளங்களையும் பார்த்தேன். எண் எங்கும் அடிக்கவில்லை. இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தவில்லை; கையால் செய்ததுதான். மணிக்கட்டில் பழைய தீக்காயம் இருந்தது, அது வெப்பச் சோதனையின் சுவடு என்று கணக்கு. இரண்டாவது பிரதி உண்டா என்று கேட்டேன். தங்கை ஒருத்தி உண்டு, அவளைக் கொடுத்த இடத்தில் நன்றாக வைத்திருக்கிறார்கள், செல்லாது என்றார்.

மாதிரியின் பெயர் என்ற இடத்தில் சௌந்தரம் என்று எழுதினேன். நிராகரிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் 'ம்' என்று எழுதினேன். அசல், மிக அரிது என்று முத்திரை வைத்தேன். ஜம்புநாதன் அன்றைக்குக் கொண்டுவந்தவை இரண்டு, அதில் ஒன்று அசல் என்பதால் அவர் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். மனைவியைக் கும்பிட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அசலுக்கு மறுசோதனை கேட்கும் உரிமை உண்டு. துப்பாக்கிகள் எதுவும் இதுவரை கேட்டதில்லை. ஜெயித்துவிட்டால் குறை போய்விடுமே என்று அவற்றுக்குப் பயம். சௌந்தரம் அங்கேயே கேட்டார். நான் ராணுவத்துக்கு எழுதிப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ராணுவ லாரி வந்தது. ஹவில்தார் மாதையன் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க, சௌந்தரம் பின்னால் ஏறி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஒப்படைப்புத் தாளை ஜம்புநாதனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. மெதுவாக வாயைத் திறந்தார்.

"சார், இப்ப நல்லதா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சான்றிதழ் செல்லாது" என்றேன். "அவங்க வீட்டுக்கு வந்துடலாம். நீங்க நகல் ஜம்புநாதன் ஆயிடுவீங்க."

சௌந்தரத்துக்கும் அது கேட்டது. அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல், கணவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். லாரிக்காரர் வண்டியைக் கிளப்பி, மறுபடியும் அணைத்தார். ராணுவத்துக்குக்கூட அவ்வளவு பொறுமை இருந்தது. ஜம்புநாதன் வாயை மூடிக்கொண்டார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளில் முழுப் பெயரையும் தெளிவாக எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. மழை, மணல், புகை, பசி எல்லாவற்றிலும் மாதிரி தேறிவிட்டதாகவும், குழு எழுந்து நின்று பாராட்டியதாகவும் எழுதியிருந்தார்கள். இதே மாதிரியில் இன்னும் நாலாயிரம் தேவைப்படுகிறது, உங்கள் வட்டாரத்தில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னேன்.

மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போகும்போது வரிசை தபாலாபீசைத் தாண்டிப் பேருந்து நிலையம் வரைக்கும் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு, பால்காரனிடம் சொல்லிவிட்டு, கையில் ஒரு பையோடு ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. முன்னால் நின்றவர் தன் குறையை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்; பின்னால் நின்றவர் அவர் தப்பிய இடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய், டோக்கன் கட்டைப் பிரித்து, ஒன்றாம் எண்ணைக் கிழித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஜன்னலைத் திறந்தேன்.